கோபக்காரியின் அப்பா

எங்கள் தொழிலில் அம்மாவைத்தான் முதலில் எழுத வேண்டும். ஒரு சீட்டில் 7 × 23 என்று இருந்தால் ஏழாம் நம்பர் செடி அம்மா, இருபத்து மூன்றாம் நம்பர் அப்பா. காய் சுமப்பது அம்மாதானே. மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு அப்பா தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பார். மாற்றி எழுதினால் வம்சமே தலைகீழாகிவிடும். எங்கள் ரோஜாத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் ஒரு எழுத்து மாறாமல் எழுதியவள் சீட்டக்கா. அவளைப் பற்றித்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒட்டுக் கட்டுகிறவள். பெஞ்சில் பக்கத்தில் இருக்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் வாயாடி. வைத்தவர்கள் வாய் மட்டும் என்னவோ தைத்து வைத்த மாதிரி.

சீட்டக்காவின் வேலை காலையில், பூ முழுக்க விரிவதற்கு முன்னால் தொடங்கும். அரைமொட்டின் இதழ்களைப் பிய்ப்பாள். உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைச் சின்ன இடுக்கியால் ஒன்று விடாமல் எடுப்பாள். பிறகு அப்பா செடியின் மகரந்தத்தைச் சீசாவிலிருந்து தூரிகையில் தொட்டு நடுவில் தடவுவாள். தடவிய கையோடு எண்ணெய்க் காகித உறையைப் போட்டுக் கட்டி, சீட்டைத் தொங்கவிட வேண்டும். உறை போடாமல் விட்டால் ஏதாவது ஒரு தேனீ எங்கேயோ புரண்டுவிட்டு வந்து வேறு மகரந்தத்தை வைத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் அந்தக் குழந்தைக்கு அப்பா யார் என்று யாரைக் கேட்பது? அதனால் ஒரே சட்டம்: உறை இல்லாமல் நின்ற பூவைக் கிள்ளிப் போட்டுவிட வேண்டும், பாவம் பார்க்கக் கூடாது.

அவள் கையெழுத்தைப் பார்த்தால் அச்சு தோற்றுவிடும். வீட்டிலும் அப்படித்தான். சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்று, உப்பு ஜாடியில் உப்பு என்று எழுதி ஒட்டியிருப்பாள். உப்பைப் பார்த்தால் உப்பு என்று தெரியாதா? ஒருநாள் கேட்டேன்: "தலகாணியிலயும் எழுதி ஒட்டிருக்கியாக்கா?"

"ஒண்ணுதானே இருக்கு, அதுக்கு எதுக்குடி சீட்டு" என்றாள். நான் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஏன் சிரித்தோம் என்று நொந்துகொண்டேன். அவள் புருஷன் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில்தான் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த நாட்களில் யாரும் அவளிடம் சத்தமாகப் பேசக்கூட மாட்டார்கள். அவள் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள், துக்கத்துக்கு மரியாதையாம். எனக்கு அதெல்லாம் வராது. நான் எல்லாரிடமும் பேசுவதைப் போலவே அவளிடமும் பேசினேன்.

அவள் தம்பியும் எங்கள் தோட்டத்தில்தான் வேலை. மகரந்தம் சேகரிப்பது, காயவைப்பது, சீசாக்களில் அடைத்துப் பூட்டி வைப்பது அவன் பொறுப்பு. சட்டைப் பையைத் தட்டினால் மஞ்சளாகப் பறக்கும், அதனால் அவனுக்குத் தூசி என்று பெயர். எங்களிடம் வருவதற்கு முன்னால் எட்டு மாதம் மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்தவன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் அவன் கழுத்தைப் பிடித்தது.

அந்தப் பக்கத்துத் தோட்டம் வேறு யாருடையதும் இல்லை, எங்கள் முதலாளியின் கூடப்பிறந்த அண்ணனுடையது. அப்பா காலத்தில் ஒரே தோட்டம். அவர் கண்ணை மூடியதும் பாகம் பிரித்தார்கள். எங்கள் பக்கம் ஏழாம் நம்பர் வந்தது. வெளிறிய பழைய ரோஜா. அதை அவர்கள் அப்பா எங்கிருந்து கொண்டுவந்தார் என்பதற்கே மூன்று கதை இருக்கிறது: ஒரு கல்லறைத் தோட்டம், ஒரு கப்பல்காரன், ஒரு பழைய பள்ளிக்கூடத்து வேலி. எதை நம்புவது? நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள், ரோஜாமூலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அண்ணன் பக்கம் போனது கருஞ்சிவப்பு. அதில் ஒரு குச்சியைக்கூட அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

மதில் எழுப்ப ஆள் வந்த அன்று நடந்த கூத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நூல் பிடித்த இடம் ஒரு முழம் தள்ளியிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தகராறு. அண்ணன்காரர் எங்கள் முதலாளியின் சட்டையைப் பிடிக்க, கொத்தனார் குழைத்து வைத்திருந்த சிமென்ட்டில் முதலாளி கால் வைக்க, பிடியை விடாமல் இரண்டு பேரும் அதிலேயே உருண்டார்கள். எழுந்தபோது எது அண்ணன் எது தம்பி என்று அடையாளம் தெரியவில்லை. நான்தான் முதலில் பார்த்தேன். ஓடிப் போய், செடிக்கு முன்னால் குனிந்திருந்த சீட்டக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கையில் இடுக்கியோடு நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அண்ணன்காரர் ஆத்திரத்தில் ஈர சிமென்ட்டில் ஆணியால் அன்றைய தேதியைக் கீறினார், 'இன்று முதல் உறவில்லை' என்பதற்கு அத்தாட்சியாம். அந்த சிமென்ட் இறுகிக் கல்லாகி இன்றும் மதிலடியில் இருக்கிறது. அதில் சாய்ந்துகொண்டுதான் நாங்கள் டீ குடிப்போம்.

அந்த வருடத்து விதைகளில் ஒன்றிலிருந்து வந்தவள்தான் கோபக்காரி. காலையில் வெளிறி இருப்பாள், வெயில் ஏற ஏறச் சிவப்பாள், மத்தியானத்துக்குக் கன்னம் பழுத்துவிடும். தாளில் ஏதோ பெயர் வைத்தார்கள், வாங்கியவர்கள் எல்லாம் கோபக்காரி கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். ஆஸ்பத்திரி வாசல், ரயில் நிலையம், பள்ளிக்கூடம், எங்கே பார்த்தாலும் அவள். தோட்டம் தலைநிமிர்ந்ததே அவளால்தான். அவள் சீட்டில் 7 × 23 என்றிருந்தது. யாராவது அவளைப் புகழ்ந்தால் சீட்டக்கா தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்தோம். நினைத்தோம் என்ன, நானே நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இருபத்தாறு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது.

பழைய தோட்ட ரோஜாக்களின் பூர்வீகத்தைத் தொகுக்கிற ஒரு ஆராய்ச்சிக்காரம்மா இரண்டு தோட்டத்திலும் இலை வாங்கிப் போயிருந்தார். இலையை வைத்து அம்மா அப்பாவைக் கண்டுபிடிக்கிற சோதனையாம். நல்ல எண்ணத்தில் முடிவை இரண்டு முதலாளிகளுக்கும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார். கோபக்காரியின் அம்மா ஏழு, சரி. அப்பா இருபத்து மூன்று இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கருஞ்சிவப்பு.

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான். மறுநாளே அண்ணன்காரர் எங்கள் கேட்டுக்குள் வந்தார், இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக. வந்தவர் உட்காரவில்லை.

"என் செடியிலேர்ந்து மகரந்தத்தைத் திருடிட்டு வந்து ஊரெல்லாம் பேர் வாங்கிட்டே. என்கிட்ட எட்டு மாசம் இருந்துட்டு உன்கிட்ட ஓடி வந்தான் பாரு ஒருத்தன், அவன் கையில கொண்டாந்ததுதானே?"

"அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் முதலாளி. குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது.

"தெரியாதுன்னா தெரிஞ்சுக்கோ. திங்கக்கிழமை பதினொரு மணிக்கு வருவேன். அவனை வெளிய அனுப்பிட்டு, திருட்டு மகரந்தத்துல பொறந்ததுன்னு கேட்டுல எழுதி மாட்டணும். இல்லேன்னா கோர்ட்டுதான்."

முதலாளி தூசியைக் கூப்பிட்டார். "நான் எடுக்கலைங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். மகரந்த அலமாரியின் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான். இருபத்தாறு வருடம் இடுப்பில் தொங்கிய சாவி. அன்று சாயங்காலம் வரை ஆளாளுக்கு அவன் சட்டைப் பையைப் பார்த்தார்கள். ஒருத்தன், "தூசி, இன்னிக்கு எந்தத் தோட்டத்துத் தூசி?" என்று கேட்டுச் சிரித்தான். அவன் தலையில் தண்ணீர் வாளியைக் கவிழ்த்தேன். கை தவறிவிட்டது என்று சொன்னேன்.

ஆச்சரியம் என்னவென்றால், சீட்டக்கா வாயே திறக்கவில்லை. தம்பியைத் திருடன் என்கிறார்கள், இவள் குனிந்து சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நேராக அவள் வீட்டுக்குப் போனேன், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று.

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே நின்றிருந்தாள், அணைக்கவில்லை. ஓடிப் போய் நான்தான் அணைத்தேன்.

"என்னக்கா இது? பேய் அடிச்ச மாதிரி நிக்கறே?"

"தூசி எடுக்கலே" என்றாள்.

"அது எனக்குத் தெரியாதா? அதை அங்க போய்ச் சொல்லு!"

"அன்னைக்கு நான் உறை போடலே, வாயாடி."

எனக்கு முதலில் புரியவில்லை. துணியை எடுத்து அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஏழாம் நம்பர்ல கடைசிப் பூ. இருபத்து மூணோட மகரந்தத்தைத் தடவினேன். உறை போடாம அரை மணி நேரம் விட்டுட்டேன். திரும்பி வந்து பாத்தா, பூ மேல ஒரு தேனீ உக்காந்திருக்கு. ஊதி வெரட்டினேன். உறையப் போட்டேன். 7 × 23ன்னு எழுதிக் கட்டிட்டேன்."

"கிள்ளிப் போட்டிருக்கலாமே?"

"வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம். ஏன் கிள்ளினேன்னு கேப்பாங்கல்ல? அதுல என்ன வரப்போவுது, பத்தோட பதினொண்ணுன்னு விட்டேன். அது கோபக்காரியா வந்து நின்னுச்சு."

"அரை மணி நேரம் எங்க போனே?"

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "மறந்துட்டேன்."

நான் அவளைத் திட்ட வந்தவள். திட்டவும் முடியவில்லை. அந்தத் தோட்டத்தில் இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் புது ரோஜாக்களின் பிறப்புச் சான்றிதழே அவள் கையெழுத்துதான். இந்த ஒன்று பொய் என்றால் மற்றதையெல்லாம் எவன் நம்புவான்? வாய் திறந்தால் அவள் ஆயுசு முழுக்க எழுதியது குப்பைக்குப் போகும். திறக்காவிட்டால் தம்பி திருடனாக வெளியே போவான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

"நாளைக்குச் சொல்லப் போறேன்" என்றாள்.

"எல்லாச் சீட்டும் பொய்யின்னு ஆயிடும்க்கா."

"தெரியும்டி." பாதிக்கு மேல் வழிந்துபோன பாலை இரண்டு டம்ளரில் பங்கிட்டாள்.

திங்கட்கிழமை பதினொரு மணி. முதலாளி அறை ஜன்னலுக்கு நேரே என் பெஞ்ச். கையில் கத்தியும் ஒட்டுநாடாவும் இருந்தன, காது மட்டும் ஜன்னலில். உள்ளே முதலாளி, அண்ணன்காரர், ஆராய்ச்சிக்காரம்மா. வாசலை ஒட்டித் தூசி நின்றான். சீட்டக்கா நடுவில் நின்று, நேற்று என்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

அண்ணன்காரர் கைதட்டிச் சிரித்தார். "பிரமாதம்! இருபத்தாறு வருஷம் ஒரு புள்ளி தப்பாத பொம்பளை அன்னைக்கு மட்டும் மறந்துட்டாளாம். எதுக்கும்மா உறை போடலே?"

"மறந்துட்டேங்க."

"எங்க போனே?"

"மறந்துட்டேங்க."

"கேட்டியா தம்பி? கூடப்பிறந்தவனைக் காப்பாத்த அக்கா கதை கட்டறா."

முதலாளியும் மெதுவாகத் தலையாட்டினார். "நீ தப்புப் பண்ணுவேன்னு என்னால நம்ப முடியலேம்மா."

பாருங்கள் கொடுமையை. தப்பே செய்யாதவள் என்று பெயர் எடுத்தாள், அந்தப் பெயரே அவள் குரல்வளையில் உட்கார்ந்துகொண்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லுவார்கள், யானையே வந்து சறுக்கினேன் என்றால் ஒருத்தன் நம்ப மாட்டான்.

அப்போது ஆராய்ச்சிக்காரம்மா கேட்டார். "அந்த ஒரே காய்ல எத்தனை விதை இருந்துச்சு?"

"பதினொண்ணு. முளைச்சது நாலு. ரெண்டு செத்துப்போச்சு. ஒண்ணு கோபக்காரி."

"நாலாவது?"

"கழிச்சதுங்க. கழிச்சதைப் பிடுங்கி எரிச்சிடுவோம்."

"அது இருந்திருந்தா சொல்லிடலாம். தேனீ வந்திருந்தா ஒரே காய்ல ரெண்டு அப்பா இருக்கலாம். நீங்க தடவினதும் இருக்கும், தேனீ கொண்டாந்ததும் இருக்கும். ரெண்டு செடிக்கும் வேற வேற அப்பான்னு தெரிஞ்சா இவங்க சொல்றது உண்மை. அதான் எரிஞ்சுபோச்சே."

என் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது.

எரியவில்லை. அது என் வீட்டுக் கொல்லையில், உடைந்த பக்கெட்டில் நின்றுகொண்டிருந்தது. நோஞ்சான் என்று பெயர். எரிக்கக் கொடுத்த கட்டிலிருந்து நான் உருவி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுபோன செடி. வருடத்துக்கு மூன்று பூ, அதிலும் இரண்டு கோணல். தோட்டத்திலிருந்து கழித்த செடியை வெளியே கொண்டுபோனால் அது திருட்டு, அன்றே சீட்டுக் கிழியும். என் கண்ணெதிரே அப்படி இரண்டு பேர் போயிருக்கிறார்கள். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. எனக்கு மடி முழுக்கக் கனம். இந்த வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

உண்மையைச் சொல்கிறேன், நான் கத்தியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். இரண்டு ஒட்டுக் கட்டினேன், இரண்டும் கோணல். நாம் வாயைக் கொடுப்பானேன், தவளை தன் வாயால் கெடும் என்று எனக்கு நானே புத்தி சொன்னேன். வாயாடியாம் வாயாடி, வேண்டிய நேரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் தூசியின் சட்டையைப் பார்த்தேன். மார்பில் பை இல்லை. பை இருந்த இடத்தில் துணி சாயம் போகாமல் சதுரமாகக் கருத்திருந்தது, ஓரமெல்லாம் பிரித்த நூல். ஆளாளுக்குப் பையைப் பார்க்கிறார்கள் என்று அவனே உட்கார்ந்து பிரித்திருக்கிறான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

உள்ளே போய் நின்றேன். "எரியலே. என் வீட்ல இருக்கு."

"என்னது?" என்றார் முதலாளி.

"நாலாவது விதை. சீட்டோட இருக்கு. நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

"நீயும் திருடியா?"

"குப்பையில போட்டதை எடுத்தா திருட்டாங்க? அப்படின்னா முதல்ல காக்காயெல்லாம் பிடிச்சு ஜெயில்ல போடுங்க. என்னை அப்புறம் அனுப்பலாம். இப்ப இந்தம்மாவை அனுப்புங்க, வந்து இலையப் பறிக்கட்டும்."

சீட்டக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள், சத்தியமாக. நாலாவது விதை எரிந்தது என்று பதிவேட்டில் எழுதியவள் அவளாயிற்றே.

மத்தியானமே கொல்லைக்கு வந்தார்கள். நோஞ்சானின் அடித்தண்டில் தகரச் சீட்டு கம்பியோடு சதைக்குள் பாதி புதைந்து கிடந்தது. துடைத்தால் எழுத்து தெளிவாக இருந்தது: 7 × 23, காய் 31, விதை 4. தோட்டத்தில் கோபக்காரியின் மூலச்செடியில் இருக்கும் சீட்டில் காய் 31, விதை 2.

"பொய்ச் சீட்டு எழுதினவளோட சீட்டுதான் சாட்சியா?" என்றார் அண்ணன்காரர்.

"சீட்டை விடுங்க, இலை சொல்லும்" என்றார் ஆராய்ச்சிக்காரம்மா. "தவிர, இருபத்தாறு வருஷம் கழிச்சு இப்படி ஒரு கேள்வி வரும்னு அன்னைக்கே யாரும் ஜோடிச்சு வைக்க மாட்டாங்க."

முடிவு வரப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் தூசியைத் தோட்டத்துக்குள் விடவில்லை. என்னை விட்டார்கள், ஆனால் கேட்டில் தினமும் என் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தார்கள். திறக்கிறவனுக்குத் தினமும் ஒரு வசை புதிதாகக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். சீட்டக்காவின் மேஜையில் சீட்டு எதுவும் வைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு அப்பா இருக்கலாம் என்றுதான் ஆராய்ச்சிக்காரம்மா சொன்னார், இருக்கும் என்று சொல்லவில்லை. நோஞ்சானுக்கும் கருஞ்சிவப்பே அப்பாவாக வந்துவிட்டால்? காய் முழுக்கத் திருட்டு மகரந்தம் என்று ஆகிவிடும். அவள் சொன்னது பொய்யாகும், தம்பி போவான், நானும் போவேன். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு நோஞ்சான் செடி. அதற்கு நான் இத்தனை வருடம் ஒழுங்காகத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை.

பதின்மூன்றாம் நாள் ஆராய்ச்சிக்காரம்மா நேரில் வந்தார். அதே அறை, அதே ஆட்கள். தூசியைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டி, உறையைப் பிரித்து, தாளை மேஜையில் நீவி வைப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

"அம்மா ஏழு" என்றார். "அப்பா... இருபத்து மூணு."

சீட்டக்கா தம்பி பக்கம் கையை நீட்டினாள். தூசி பிடித்துக்கொண்டான்.

"ஒரே காய், ரெண்டு அப்பா. தடவினதும் உண்மை, தேனீ வந்ததும் உண்மை. திருடிக் கொண்டாந்து வைக்கறவன் பாதிப் பூவுக்கு மட்டுமா வைப்பான்?"

வேறு யாராவது சொல்லட்டும் என்று பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "தேனீ மேல கேஸ் போடுங்க" என்றேன். "வேலி தாண்டி வந்தது அதானே."

அண்ணன்காரர் எனக்குப் பதில் சொல்லவில்லை. எழுந்து வெளியே போனார். கோபக்காரியின் மூலச்செடிக்கு முன்னால் நின்றார். உச்சி வெயில், பூவெல்லாம் சிவந்து கிடந்தது. முதலாளியும் போய் நாலடி தள்ளி நின்றார்.

"அப்பாவும் மத்தியானம் ஆனா இப்படித்தான் செவப்பாரு" என்றார் அண்ணன்காரர்.

"ஆமாண்ணே" என்றார் முதலாளி.

அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அண்ணன்காரர் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கேட்டைத் தாண்டிப் போனார். கோர்ட்டும் இல்லை, போர்டும் இல்லை.

தூசிக்குச் சாவி திரும்பி வந்தது. என்னைப் பார்த்து முதலாளி, "அந்தப் பக்கெட்டை நல்ல தொட்டியா மாத்து" என்றார். அதுதான் எனக்குத் தண்டனை. சீட்டக்காவை மட்டும் சும்மா விடவில்லை, விடவும் முடியாது. "இனிமே நீ சீட்டு எழுத வேணாம்மா. பேக்கிங்ல இரு." அவள் தலையாட்டினாள். ஒன்றே ஒன்று கேட்டாள்: அந்தப் பக்கத்தைத் தானே திருத்த வேண்டும்.

சாயங்காலம் பதிவேட்டு அறையில் நானும் கூட இருந்தேன். பழைய பதிவேட்டை இறக்கி, தூசி தட்டி, பக்கம் பக்கமாகப் புரட்டினாள். காய் 31, விதை 2, கோபக்காரியின் வரி. ஒரு கட்டத்தில் அம்மா, ஒரு கட்டத்தில் அப்பா, கடைசிக் கட்டத்தில் 'மகரந்தம் வைத்தவர்' என்று அவள் பெயர். ஓரத்தில் தேதி.

தேதியைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த தேதி. இருபத்தாறு வருடமாக முதுகைச் சாய்த்து டீ குடித்த கல்லில், அண்ணன்காரர் ஆணியால் கீறி வைத்த தேதி.

"அக்கா, இது அந்தச் சிமென்ட்டுச் சண்டை நாளு."

"ம்."

"நான்தானே உன் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன்? கையில இடுக்கியோட?"

"ம்."

அண்ணன்காரரும் கேட்டார், நானும் கேட்டேன், எங்கே போனாய் எங்கே போனாய் என்று. வாயாடி கூப்பிட்டாள், போனேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர்கள் இரண்டு பேரும் சிமென்ட்டில் உருண்டது அவர்களுக்கே மறக்குமா, உடனே நம்பியிருப்பார்கள்! தம்பி பன்னிரண்டு நாள் வெளியே நின்றிருக்க வேண்டாம்.

கத்திவிட்டேன். "ஏன்க்கா சொல்லலே? உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? ஏன் சொல்லலே?"

பேனாவின் மூடியைக் கழற்றி, நிப்பை ஒரு தாளில் கீறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அவர் போனப்புறம் என்னை வேடிக்கை பாக்கக் கூப்பிட்டது நீ ஒருத்திதான். அன்னைக்குச் சொல்லியிருந்தா மறுபடி கூப்பிட்டிருப்பியா? அதான் அன்னைக்குச் சொல்லலே. அப்புறம் சொல்லாமலே பழகிடுச்சு."

நான் எதுவும் பேசவில்லை. என் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை.

அவள் 23 என்பதை ஒரே கோட்டால் அடித்தாள். அந்தப் பக்கத்துக் கருஞ்சிவப்பு என்று எழுதினாள். கடைசிக் கட்டத்தில் தன் பெயரை அடித்துவிட்டு, தேனீ என்று எழுதினாள். அதே அச்சுக் கையெழுத்து.

"என் பேரையும் எழுது" என்றேன்.

"எங்கடி?"

"அங்கேயே. தேனீ பக்கத்துல."

என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து, கட்டத்தில் மிச்சமிருந்த இடத்தில் சின்னதாக எழுதினாள்: வாயாடி. மை காயும்வரை பக்கத்தை மூடாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.